முதுகுக்குப் பின்னால் 140 மீட்டர்

சென்ற ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு மாலை. புறப்பாட நடவடிக்கை முடிந்து, அறிவியல் கூடத்தைப் பூட்டிவிட்டு நான் காரை எடுத்தபோது மணி ஏழரை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. எங்கள் பள்ளியிலிருந்து பெரிய சாலையை அடைய, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே மூன்று கிலோமீட்டர் போக வேண்டும். அந்தப் பாதையில் தெருவிளக்கு கிடையாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். இடது ஓரத்தில் ஏதோ அசைவது போல இருந்தது. அது சைக்கிள் என்று மூளைக்கு உறைப்பதற்குள் கால் பிரேக்கை மிதித்துவிட்டது. கார் நின்றபோது, முகப்பு விளக்கின் வெளிச்சத்தில் கருநீல விளையாட்டு உடையில் ஒரு முதுகு. எனக்கும் அதற்கும் இடையே ஒரு கார் நீளம்கூட இல்லை.

திரும்பிப் பார்த்தவன் என் மாணவன்தான். படிவம் 3.

"என்னப்பா, லைட்டே இல்லாம இந்த இருட்டுல வர்றே?" என்றேன். என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவனுக்கு அப்படி எதுவும் இல்லை.

"நீங்க வர்றது எனக்கு முன்னாடியே தெரிஞ்சுச்சு டீச்சர். ரோட்டுல வெளிச்சம் விழுந்துச்சே. அதான் ஓரமா ஒதுங்கிப் போனேன்."

இந்தப் பதிலை நான் பல நாள் யோசித்தேன். அவன் பொய் சொல்லவில்லை. என் விளக்கு அவனுக்கு அரைக் கிலோமீட்டருக்கு முன்பே தெரிந்திருக்கும். தனக்கு அவர்கள் தெரிந்தால் அவர்களுக்கும் தான் தெரிவோம் என்று அவன் நம்பினான். பகலில் அது சரி. இரவில் அது முற்றிலும் தவறு. ஏன் தவறு என்பதற்கு இயற்பியல் மிகத் தெளிவான கணக்கு வைத்திருக்கிறது.

முதலில் என் பக்கக் கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 16.7 மீட்டர். ஒரு பொருளைக் கண்டு, அது என்னவென்று புரிந்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் கார் 25 மீட்டர் ஓடிவிடும். ஈரச் சாலையில் வேகம் ஒரு விநாடிக்கு 5 மீட்டர்/விநாடி வீதம் குறைகிறது என்று கொண்டால், நிற்பதற்கு இன்னும் 28 மீட்டர். மொத்தம் 53 மீட்டர். படிவம் 4இல் நீங்கள் படிக்கும் நேர்கோட்டு இயக்கச் சமன்பாடுதான் இது. நீங்களே போட்டுப் பாருங்கள். காரின் தாழ் விளக்கில், கருநிற உடை அணிந்த ஒருவர் தெரியத் தொடங்குவதே ஏறக்குறைய அந்தத் தூரத்தில்தான். அன்று எனக்குக் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதே சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டரில் வரும் ஒருவருக்கு நிற்க 100 மீட்டர் வேண்டும். வேகம் ஒன்றரை மடங்கு ஆனபோது, தேவையான தூரம் ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டது, பார்த்தீர்களா?

2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில், அதிகாலை 3 மணிக்கு மேல், சைக்கிளில் சென்ற பதின்ம வயதினர் 8 பேர் கார் மோதி உயிரிழந்தனர். உங்கள் வயதினர். யார் மீது தவறு என்பது நீதிமன்றம் வரை போன விஷயம். அதற்குள் நான் போகவில்லை. ஆனால் அந்தச் செய்தியைப் படித்த நாளில் நானும் வாகனமோட்டியின் இடத்திலும், பிள்ளைகளின் இடத்திலும் மாறி மாறி நின்று இதே கணக்கைத்தான் போட்டேன்.

இப்போது அவன் பக்கக் கணக்குக்கு வருவோம். என் காரின் விளக்கொளி அவனை நோக்கிப் போகும்போது விரிகிறது. தூரம் இரு மடங்கானால் அவன் மீது விழும் ஒளியின் செறிவு நான்கில் ஒரு பங்காகிவிடும். இதைத் தலைகீழ் இருபடி விதி என்கிறோம். அவன் உடையில் பட்டுச் சிதறும் ஒளி என் கண்ணுக்குத் திரும்பி வரவேண்டும் அல்லவா? வரும் வழியிலும் அதே விதி. நான்கில் ஒரு பங்கின் நான்கில் ஒரு பங்கு, அதாவது பதினாறில் ஒரு பங்குதான் என் கண்ணுக்கு வந்து சேரும். கருநீலத் துணி, விழுந்த ஒளியில் பெரும்பகுதியை ஏற்கெனவே விழுங்கிவிட்டிருக்கும்.

அவன் சைக்கிளின் பின்னால் ஒரு சிறிய சிவப்பு எல்இடி விளக்கு இருந்திருந்தால்? அந்த ஒளிக்கு ஒரு வழிப் பயணம்தான். தூரம் இரு மடங்கானால் நான்கில் ஒரு பங்கு, அவ்வளவே. அதனால்தான் கட்டைவிரல் அளவுள்ள விளக்கு, பல நூறு மீட்டர் தள்ளி இருந்தே தெரிகிறது. எனக்கு 53 மீட்டருக்குப் பதிலாக 300 மீட்டர் கிடைத்திருக்கும்.

"எங்க சைக்கிள்ல பின்னாடி சிவப்புக் கண்ணாடி இருக்கே டீச்சர்" என்று வகுப்பில் ஒரு பெண் கேட்டாள். அவள் சொன்னது பிரதிபலிப்பானை. அது கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக். பழைய பிரதிபலிப்பான் ஒன்றை உடைத்து உட்புறத்தைப் பாருங்கள். கனசதுரத்தின் மூலைகள் போன்ற குட்டிக் குட்டி வடிவங்கள் வரிசையாக இருக்கும். ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று தளங்கள். பின்னாலிருந்து ஒளி சற்றுச் சாய்வாக உள்ளே போனாலும், மூன்று முறை முழு அகப் பிரதிபலிப்பு அடைந்து, வந்த திசையிலேயே திரும்பிப் போகும். 1969இல் அப்பல்லோ 11 விண்வெளி வீரர்கள் நிலவில் வைத்துவிட்டு வந்த கருவியும் இதே மூலைத் தத்துவத்தில்தான் இயங்குகிறது. பூமியிலிருந்து அனுப்பும் லேசர் ஒளி அதில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று அளந்து நிலவின் தொலைவைக் கணக்கிடுகிறார்கள்.

நல்ல பொருள்தான். ஆனால் அதற்குச் சொந்தமாக ஒளி இல்லை. காரின் விளக்கு அதன் மேல் பட்டால்தான் உண்டு. சந்தியில் பக்கவாட்டிலிருந்து வரும் காருக்கு அது தெரியாது. செம்மண் சேறு அப்பிக்கொண்டால் அவ்வளவுதான். மட்கார்டு வளைந்து அது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் பயனில்லை. நம் பள்ளிகளின் சைக்கிள் கொட்டகையில் போய்ப் பாருங்கள், எத்தனை பிரதிபலிப்பான்கள் தரையைப் பார்க்கின்றன என்று.

சிவப்புச் சட்டை போட்டால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. இருட்டும்போது நம் கண்ணில் கோல் செல்கள் வேலையை ஏற்றுக்கொள்கின்றன. அவற்றுக்குச் சிவப்பு ஏறக்குறையத் தெரியாது. மங்கிய வெளிச்சத்தில் செம்பருத்திப் பூ கறுத்துத் தெரிவதும் அதன் இலை வெளிறித் தெரிவதும் இதனால்தான். பளீரென்று மின்னும் மஞ்சள் பச்சை மேலங்கியும் இரவில் ஏமாற்றிவிடும். சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிரை உறிஞ்சி, அதைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வெளியிடுவதுதான் அதன் வித்தை. இரவில் புற ஊதாவுக்கு எங்கே போவது?

இதை ஆஸ்திரேலியாவில் சோதித்திருக்கிறார்கள். குவீன்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஜோவான் வூட்டும் அவர் குழுவினரும், போக்குவரத்து இல்லாத ஒரு மூடிய சாலையில் இரவில் வாகனமோட்டிகளை ஓட்டவைத்தார்கள். சைக்கிளில் ஆள் இருப்பதை அவர்கள் எத்தனை தடவை கண்டுகொள்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஆய்வு 2012இல் வெளிவந்தது. கறுப்பு உடை என்றால் 2 விழுக்காடு. பளீர் நிற மேலங்கி என்றால் 15 விழுக்காடு. பிரதிபலிக்கும் மேலங்கிக்கு 50 விழுக்காடு. அதே மேலங்கியோடு கணுக்காலிலும் முழங்காலிலும் பிரதிபலிக்கும் பட்டை கட்டியபோது 90 விழுக்காடு! கால் மேலும் கீழும் போவதைக் கண்டதும், அது மனிதன் என்று மூளை உடனே சொல்லிவிடுகிறது. அசையாமல் இருக்கும் ஒளி ஒரு சாலைத் தூணாகவும் இருக்கலாம். மிதிக்கும் கால் வேறு எதுவாகவும் இருக்க முடியாது. அந்தப் பட்டை சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். இந்தக் கட்டுரையில் வரும் பொருள்களிலேயே மலிவானது இதுதான், எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

பகலிலும் விளக்கு வேண்டுமா? டென்மார்க்கின் ஓடென்சே நகரில் 2004–2005இல் 3,845 சைக்கிளோட்டிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் விளக்கைக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குக் கொடுக்கவில்லை. விளக்கு வைத்திருந்தவர்களிடையே காயம் ஏற்படுத்திய விபத்துகள் 19 விழுக்காடு குறைவாக இருந்தன. அந்த விளக்குக்கு மின்கலம் கிடையாது. சக்கரக் கம்பிகளில் காந்தம், சட்டகத்தில் கம்பிச்சுருள். சக்கரம் சுற்றும்போது காந்தம் சுருளைக் கடந்து போகும், மின்னோட்டம் தூண்டப்படும். படிவம் 5 மாணவர்கள் மின்காந்தத் தூண்டலுக்குச் செயல்திட்டம் தேடினால், இதைச் செய்து பார்க்கலாம்.

விளக்கு மினுக்க வேண்டுமா, நிலையாக எரிய வேண்டுமா என்பதில் உலகம் இன்னும் ஒத்துப்போகவில்லை. மினுக்குவது கவனத்தை இழுக்கும். ஆனால் இருட்டில் மினுக்கும் ஒற்றைப் புள்ளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று கணிப்பது கடினம். ஜெர்மனியில் சைக்கிளின் பின் விளக்கு மினுக்கவே கூடாது என்று சட்டம். என் கருத்தைக் கேட்டால், பகலில் மினுக்கட்டும், இருட்டிய பிறகு நிலையாக எரியட்டும். இரண்டு விளக்கு வைக்க முடிந்தவர்கள் ஒன்றை அப்படியும் ஒன்றை இப்படியும் வைத்துக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் மற்றவர் நம்மைப் பார்ப்பது பற்றி. நாம் பின்னால் பார்க்க வழி உண்டா?

என் தம்பி ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பர்களோடு உலு லங்காட் பக்கம் சைக்கிள் ஓட்டப் போவான். அவன் இருக்கைக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். பின் விளக்கு என்றுதான் நினைத்திருந்தேன். விளக்கும்தான். அதோடு அது ஒரு ரேடார். பின்னால் ஒரு வாகனம் நெருங்கினால், சைக்கிளின் கைப்பிடியில் உள்ள சிறு திரையில் அல்லது கைப்பேசியில் ஒரு புள்ளி தோன்றும். வாகனம் நெருங்க நெருங்க அந்தப் புள்ளி மேலேறி வரும். "பீப்" என்று சத்தமும் கேட்கும். 140 மீட்டருக்கு அப்பால் வரும்போதே அது கண்டுபிடித்துவிடும் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். வாகனம் நெருங்கும்போது விளக்கு மினுக்கும் விதத்தையே மாற்றிக்கொள்ளும் வகைகளும் உண்டு.

இந்த யோசனையை முதலில் சந்தைக்குக் கொண்டு வந்தது தென்னாப்பிரிக்காவின் ஐகுபு என்ற சிறு நிறுவனம். 2014இல் இணையத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்டப் புறப்பட்டார்கள். அடுத்த ஆண்டே கார்மின் நிறுவனம் அவர்களை வாங்கிவிட்டது. 2015இல் வேரியா என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. இப்போது வேறு சில நிறுவனங்களும் செய்கின்றன.

ரேடார் ஒன்றும் புதிதல்ல. 1904இலேயே ஜெர்மானியர் கிறிஸ்டியன் ஹூல்ஸ்மையர், ரைன் நதியில் வரும் கப்பலை மின்காந்த அலையால் கண்டுபிடித்துக் காட்டினார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்பே பிரிட்டன் தன் கடற்கரையோரம் எதிரி விமானங்களைக் கண்டறிய ரேடார் கோபுரங்களை எழுப்பத் தொடங்கியது. அலையை அனுப்பும் கோபுரங்கள் ஏறத்தாழ 110 மீட்டர் உயரம்! இன்றைய சைக்கிள் ரேடார் சட்டைப் பையில் அடங்குகிறது. எப்படி இவ்வளவு சுருங்கியது?

காரணம் அலைநீளம். அந்தக் கோபுரங்கள் அனுப்பிய அலையின் நீளம் பத்து மீட்டருக்கு மேல். அலையை ஒரு திசையில் குவித்து அனுப்ப வேண்டுமானால் வானலைவாங்கி அந்த அலைநீளத்தைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். சைக்கிள் ரேடார் பயன்படுத்துவது 24 கிகாஹெர்ட்ஸ் அலை. ஒளியின் வேகத்தை அந்த அதிர்வெண்ணால் வகுத்தால் 1.25 சென்டிமீட்டர். ஒரு கொண்டைக்கடலையைவிடக் கொஞ்சம் பெரியது. ஆகவே வானலைவாங்கியை ஒரு மின்சுற்றுப் பலகை மேலேயே அச்சிட்டுவிடலாம். பேரங்காடியில் நீங்கள் நெருங்கியதும் தானாகத் திறக்கும் கதவுக்கு மேலே பாருங்கள். அங்கே இருக்கும் உணர்கருவிகளில் பலவும் இதே 24 கிகாஹெர்ட்ஸ் அலையில்தான் வேலை செய்கின்றன.

அலை போய்க் காரில் பட்டுத் திரும்புகிறது. கார் நம்மை நெருங்கிக்கொண்டிருந்தால் திரும்பும் அலையின் அதிர்வெண் சற்றே கூடும். அம்புலன்ஸ் நெருங்கும்போது அதன் ஒலி கீச்சென்றும், கடந்த பிறகு தாழ்ந்தும் கேட்கிறதே, அதே டாப்ளர் விளைவு. ஆஸ்திரிய நாட்டு கிறிஸ்டியன் டாப்ளர் 1842இல் சொன்னது. எவ்வளவு கூடும்? நெருங்கும் வேகத்தை 2ஆல் பெருக்கி, அதை அலைநீளத்தால் வகுக்க வேண்டும். நீங்கள் மணிக்கு 25 கிலோமீட்டரில் மிதிக்கிறீர்கள், பின்னால் கார் மணிக்கு 80 கிலோமீட்டரில் வருகிறது. நெருங்கும் வேகம் 55, அதாவது விநாடிக்கு 15.3 மீட்டர். விடை சுமார் 2,450 ஹெர்ட்ஸ்.

2,400 கோடி ஹெர்ட்ஸில் வெறும் 2,450 கூடுகிறது. ஒரு கோடியில் ஒரு பங்கு. இதை எப்படி அளப்பது? கோயிலில் இரண்டு நாதஸ்வரங்கள் சுருதி மிகச் சிறிதளவே விலகி ஒலித்தால், ஒரு 'வ்வம் வ்வம்' என்ற அதிர்வு காதில் விழும். இரண்டின் அதிர்வெண் வேறுபாடு எவ்வளவோ, அவ்வளவு வேகமாக அந்த அதிர்வு கேட்கும். ரேடாரும் அனுப்பிய அலையையும் திரும்பிய அலையையும் கலந்து, அந்த வேறுபாட்டை மட்டும் பிரித்தெடுக்கிறது. 2,450 ஹெர்ட்ஸ் என்பது நம் காதுக்குக் கேட்கக்கூடிய ஒலியின் அதிர்வெண். அதை ஓர் ஒலிபெருக்கியில் கொடுத்தால், நெருங்கும் காரின் வேகத்தை விசில் போலக் கேட்கலாம்!

வேகம் தெரிந்துவிட்டது. தூரம்? 140 மீட்டர் போய்த் திரும்ப அலைக்கு ஒரு மைக்ரோ விநாடிகூடப் பிடிக்காது. அதை நேரடியாகக் கடிகாரம் வைத்து அளப்பதற்குப் பதிலாக, இத்தகைய சிறு ரேடார்களில் பலவும் ஒரு தந்திரம் செய்கின்றன. ஒரு மலையின் முன் நின்று, சட்ஜத்திலிருந்து சீராக மேலே மேலே சுருதியை ஏற்றிப் பாடுகிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் காந்தாரத்தில் இருக்கும்போது எதிரொலி இன்னும் ரிஷபத்தில் இருக்கும். மலை தள்ளி இருந்தால் எதிரொலி இன்னும் பின்தங்கியிருக்கும். சுருதி வேறுபாடே தூரத்தைச் சொல்லிவிடும். ரேடாரும் தன் அதிர்வெண்ணை இப்படித்தான் சீராக ஏற்றிக்கொண்டே போகிறது.

தம்பியிடம் அந்தக் கருவியை ஒரு வாரம் கடன் வாங்கினேன். "உடைச்சிடாதேக்கா, விலை தெரியுமா?" என்று மூன்று தடவை சொல்லித்தான் கொடுத்தான். சனிக்கிழமை காலை, அறிவியல் கழக மாணவர்கள் பத்துப் பேர் பள்ளிக்கு வந்தார்கள். வாயிலிலிருந்து மண்டபம் வரை நேரான பாதை. மண்டபத்துப் பக்கம் சைக்கிளை நிறுத்தி, ரேடார் வாயிலைப் பார்க்கும்படி வைத்தோம். பாதுகாவலர் அங்கிள் வேறு யாரும் உள்ளே வராமல் பார்த்துக்கொண்டார். காரை நான் ஓட்டினேன்.

மணிக்கு 30 கிலோமீட்டரில் உள்ளே வந்தேன். திரையில் புள்ளி தோன்றியதும் பிள்ளைகள் கை தட்டினார்கள். பாதி வழியில் காரை நிறுத்தினேன். "டீச்சர், காணாமப் போயிட்டீங்க!" என்று கத்தினார்கள். கார் கண் முன்னே நிற்கிறது, திரையில் இல்லை. காரைப் பின்னோக்கி எடுத்தேன். அப்போதும் ஒன்றும் இல்லை. ஏன்? இந்தக் கருவிக்கு நெருங்கி வரும் பொருள் மட்டுமே முக்கியம். சைக்கிள் ஓடும்போது, சாலையோர விளக்குக் கம்பமும் செம்பனை மரமும் அதன் பார்வையில் பின்னோக்கி விலகிப் போகின்றன. அவற்றிலிருந்து திரும்பும் அலையின் அதிர்வெண் குறையும். அதனால் அவை ஒதுக்கப்படுகின்றன. இல்லாவிட்டால் திரை முழுக்க மரமாகத்தான் இருக்கும்.

அடுத்த சோதனையை நான் மறக்க மாட்டேன். ஒரு மாணவன் சைக்கிளை மணிக்கு 15 கிலோமீட்டரில் ஓட்டினான். நான் 30 மீட்டர் பின்னால், அதே 15 கிலோமீட்டரில் காரை ஓட்டிக்கொண்டு போனேன். முதலில் நெருங்கும்போது புள்ளி தோன்றியது. வேகம் சமமானதும் மெல்ல மறைந்தது. கணக்குப்படி அது சரிதான். நெருங்கும் வேகம் சுழியம் என்றால் அதிர்வெண் மாற்றமும் சுழியம். ஆனால் சைக்கிளில் இருந்தவன் இறங்கியதும் சொன்னான், "போயிட்டீங்கன்னு நெனச்சேன் டீச்சர். வலது பக்கம் திரும்பலாம்னு இருந்தேன்."

சாலையில் இது நடக்கும். முந்திச் செல்ல இடம் இல்லாத லாரி, நம் வேகத்துக்கே இறங்கிப் பொறுமையாகப் பின்னால் வரும். திரையில் சாலை காலியாக இருக்கும். ஆகவே தடம் மாறும் முன் தலையைத் திருப்பிப் பார்ப்பதை எந்தக் கருவியும் மாற்றிவிட முடியாது. கைப்பிடியின் நுனியில் பொருத்தும் சிறு கண்ணாடிகூட அந்த லாரியைக் காட்டிவிடும், மின்கலம் இல்லாமலே.

வளைவுகளிலும் ரேடார் திணறும். 24 கிகாஹெர்ட்ஸ் அலை ஒளியைப் போல நேர்கோட்டில்தான் போகும். உலு லங்காட்டிலிருந்து கெந்திங் பெராஸ் ஏறும் மலைப்பாதையில், வளைவுக்கு அப்பால் வரும் காரை மண்மேடு மறைத்துவிடும். அங்கே 140 மீட்டர் என்பது 30 மீட்டராகவும் சுருங்கலாம் என்று தம்பி சொல்கிறான். நேரான தோட்டச் சாலையில்தான் அது முழு மதிப்பைத் தரும். அங்கே நாம் முன்பு பார்த்த காருக்கு, 140 மீட்டரை விநாடிக்கு 15.3 மீட்டரால் வகுத்தால் 9 விநாடி எச்சரிக்கை கிடைக்கிறது. ஓரத்தில் உள்ள குழியைத் தாண்டி, சீராக ஒதுங்கிக்கொள்ள அது தாராளம். கார் 110இல் வந்தால் 6 விநாடிக்கும் சற்றுக் குறைவு.

காது போதாதா என்று கேட்கலாம். வேகமாக மிதிக்கும்போது காதில் காற்றின் இரைச்சல்தான் பெரிதாகக் கேட்கும். மழையில் இன்னும் மோசம். மின்சாரக் கார்கள் வேறு பெருகி வருகின்றன. அவற்றின் இயந்திரச் சத்தம் நமக்குக் கேட்கவே கேட்காது. மழையைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், நம் ஊர்க் கொட்டும் மழைகூட 140 மீட்டர் தூரத்தில் இந்த அலையைப் பெரிதாகத் தடுப்பதில்லை. இருக்கைக்குப் பின்னால் தொங்கும் நனைந்த பள்ளிப் பைதான் தடுக்கும். தண்ணீர் இந்த அலையை நன்றாக உறிஞ்சும்.

ரேடார் காரை நிறுத்தாது. அந்த வாகனமோட்டி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு வருகிறாரா என்று அதற்குத் தெரியாது. முன்னாலிருந்தோ சந்தியிலிருந்தோ வருவதை அது பார்க்காது. விலையும் பல நூறு ரிங்கிட். படிவம் 3 மாணவனிடம் அதை வாங்கு என்று நான் எப்படிச் சொல்வேன்? என்னிடம் 30 ரிங்கிட் இருந்தால் பின் விளக்கு. 5 ரிங்கிட்தான் என்றால் கணுக்கால் பட்டை. ரேடார் அதற்கெல்லாம் பிறகு. சிங்கப்பூரில் இரவில் சைக்கிளின் முன்னே வெள்ளை விளக்கும், பின்னே சிவப்பு விளக்கோ சிவப்புப் பிரதிபலிப்பானோ இல்லாமல் போவது குற்றம். அங்கும் ரேடாரைச் சட்டம் கேட்கவில்லை.

சோதனையில் ஒரு விஷயம் பாக்கி. இரண்டு ஆசிரியர்கள் தங்கள் மோட்டார்களில் பக்கம் பக்கமாக, ஒரே வேகத்தில் வந்தார்கள். திரையில் ஒரே ஒரு புள்ளிதான். பிறகு ஒருவர் மற்றவருக்குப் பத்து மீட்டர் பின்னால் வந்தார். இப்போது இரண்டு புள்ளிகள். ஏன் அப்படி? மேலே சொன்ன சுருதி உதாரணத்தை வைத்து யோசித்தால் உங்களுக்கே பிடிபடும். முதல் புள்ளி கடந்து போனதும் நிம்மதியாக நடுச்சாலைக்கு வருபவருக்கு இந்தக் கேள்வி எவ்வளவு முக்கியம் என்பதையும் அப்படியே எழுதுங்கள்.

அந்தப் படிவம் 3 மாணவனும் அன்று வந்திருந்தான். அவன் சைக்கிளில் இப்போது ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறது. போன வியாழக்கிழமை மாலை, தோட்டச் சாலையின் கடைசி வளைவைத் தாண்டியதுமே அது எனக்குத் தெரிந்துவிட்டது. காரின் தூரமானியைப் பார்த்துக்கொண்டே போனேன். அவனை நெருங்க இன்னும் நானூறு மீட்டர் இருந்தது.